திக்கித் திக்கி ஓடிய சிடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அண்ணி ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள். உர மூட்டைக்கு உள்ளே கனமாக ஒரு பாலித்தீன் பை இருக்குமே, அதை வெட்டி ஓரம் மடித்து, மானிட்டருக்கு ஒன்று, கீழே இருந்த சிபியூ பெட்டிக்கு ஒன்று. ஒயர் நுழைகிற ஓட்டையைச் சுற்றிக்கூட டேப் ஒட்டியிருந்தாள். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பீரோ கீல் என்று எதையும் உப்புக்காற்று விட்டு வைக்காது. "உங்க அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்துட்டுப் போனது. இதையும் துரு தின்னணுமா பாப்பா?" என்பாள். படம் பார்க்கும்போதுகூட மானிட்டரின் முகத்தை மட்டும்தான் திறப்பாள். பெட்டி சட்டையோடுதான் ஓடும்.

அண்ணன் சுனாமிக்கு அடுத்த வருஷம் துபாய்க்குப் போனான். வெல்டிங் வேலை. மாடி மாடியாக உயரும் கட்டிடத்தின் வெளியே சாரத்தில் நின்று செய்யவேண்டிய வேலை. அவனுக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை வலிப்பு வந்தபோது அண்ணி நேரில் பார்த்துவிட்டாள். அப்புறம் மாத்திரையில் நின்றுபோனது. நின்றுவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம், அவன் உட்பட. ஆனால் கம்பெனியிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த உயரத்தில் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் யாரும் வாயால் பேசியதில்லை. அண்ணி மட்டும் ஒவ்வொரு தடவை போன் வரும்போதும், "உடம்பு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

துபாயிலிருந்து லீவில் வந்த பக்கத்து எக்கியார்குப்பத்துக்காரர் ஒருவர் அண்ணன் கொடுத்ததாக ஒரு சிடியைக் கொண்டுவந்து தந்தார். அறையில் கூட இருந்தவர் எடுத்த வீடியோவாம். அண்ணி வாசலில் கிடந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் நன்றாகத்தான் ஓடியது. கட்டில், ஜன்னல், மீன் குழம்பு கொதிக்கும் சட்டி, பனியனோடு சிரிக்கும் அண்ணன். "நான் நல்லா இருக்கேன்" என்று சொல்ல வாயைத் திறந்தான். படம் நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, கண் பாதி செருகி, அப்படியே நின்றது. பிறகு வெட்டி வெட்டி நகர்ந்தது. தோள் துள்ளியது, தலை இழுத்துக்கொண்டது, குரல் மட்டும் "நல்லா... நல்லா... நல்லா..." என்று அதே இடத்தில் சுற்றியது.

"ஐயோ, அவருக்கு வருது பாப்பா!" என்று அண்ணி கத்தினாள். திரையைப் பிடிக்கப் போனாள். இப்போது வீடியோ காலில் யாராவது பேசும்போது நெட் இழுத்து முகம் உறைந்தால், கூட இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே "ஹலோ, ஹலோ" என்கிறார்கள். நான் உடனே கட் பண்ணிவிட்டுத் திரும்பக் கூப்பிடுவேன்.

"கம்ப்யூட்டர்தான் அண்ணி திக்குது, அண்ணன் இல்ல" என்றேன். எனக்கே அந்த உறுதி இல்லை. சிடியைப் பஞ்சுத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டேன். திக்கியது. கம்ப்யூட்டரிலேயே இருந்த வேறு பிளேயரில் ஓட்டினேன். திக்கியது. சிடியில் கீறலோ என்று வீடியோ முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி அங்கிருந்து ஓட்டினேன். அப்போதும் அதே கதைதான், ஆனால் இந்தத் தடவை வேறு இடத்தில் நின்றது. அண்ணனுக்கு வலிப்பு என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தானே வரவேண்டும்? அதைச் சொன்னதும் அண்ணி அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தாள். கோளாறு பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று குனிந்து பாலித்தீன் மேல் கை வைத்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

மூச்சு விட வழியில்லாமல் மூடி வைத்திருந்தோம். சூடு ஏற ஏற அது தள்ளாடியிருக்கிறது. சட்டையைக் கிழித்தெறிந்து, சுவிட்சை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே விசிறியில் தூசி உப்பு ஈரத்தோடு சேர்ந்து அடை அடையாக அப்பியிருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். "துரு பிடிக்கக் கூடாதுன்னுதானே பண்ணேன்" என்றாள் அண்ணி. பெட்டி ஆறும்வரை அந்தப் பாலித்தீனை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுபடி போட்டோம். விசிறி சீராகச் சுற்றியது. "நான் நல்லா இருக்கேன், அம்மாவைப் பாத்துக்க" என்று முழு வாக்கியத்தையும் சொன்னான். கண் செருகவில்லை, வாய் கோணவில்லை. அடப்பாவி, எப்படிப் பயமுறுத்திவிட்டான் என்று நான் சிரித்தேவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

"திரும்பப் போடு. கையைப் பாரு."

பார்த்தேன். குழம்புச் சட்டியின் மூடியை இடது கையால் திறந்தான். ஜன்னலையும் இடது கையால்தான் காட்டினான். அண்ணன் வலது கைக்காரன். அந்த வலது கை படம் முழுக்க தொடையோரம் இறுகி மூடிக் கிடந்தது. கடைசியில் கேமராவுக்கு டாட்டா காட்டும்போது மறந்துபோய் அந்தக் கையைத் தூக்கினான். விரல் இடுக்கில் சாவிக்கொத்து.

எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர்களுக்குத் தண்ணீர் தருவதற்கு முன்னால் கையில் இரும்பைத் திணிப்பார்கள். அதனால் ஒன்றும் ஆகாது என்று எந்த டாக்டர் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. "ரூம் சாவியா இருக்கும் அண்ணி" என்றேன். "ரூம் சாவியை எவனாவது நகம் வெளுக்கிற அளவுக்குப் பிடிப்பானா?" என்றாள். வலிப்பு வருவதற்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றால், எத்தனை தடவை வந்திருக்க வேண்டும்!

செருப்புகூடப் போடாமல் ரோட்டோரத்து எஸ்டிடி பூத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் எடுத்ததும், "சிடி பாத்தியா? எப்படி இருந்துச்சு?" என்று உற்சாகமாகக் கேட்டது எனக்கே வெளியில் கேட்டது. இந்தத் தடவை அண்ணி "உடம்பு?" என்று கேட்கவில்லை.

"சாவியைக் கீழ வச்சிட்டு வந்துடு மாமா" என்றாள்.

அந்தப் பக்கம் அண்ணன் அழுதான்.