வெண்புலிக் குழுவும் அண்ணன் தூக்கிச் சென்ற ஆளும்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் பத்தாவது வரை படித்தவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. மற்றப் பக்கங்களில் மற்றவர்கள் அண்ணனைப் பற்றி நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கங்களை நான் என் பிள்ளைகள் நித்யாவுக்கும் பிரவீணுக்கும் எழுதுகிறேன். உங்கள் பெரியப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவன் நான். பெரியவர்களும் படியுங்கள். உங்களிடமும் அதே பொய்யைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்தார். அவர் பாம்பு கடித்து இறந்தபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்கு எட்டு. அதற்குப் பிறகு என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், முடி வெட்டக் கூட்டிப் போனதும், பொய் சொன்னால் அடித்ததும் அண்ணன்தான். அண்ணனுக்குச் சட்டென்று கை ஓங்கிவிடும். கோபம் ஜாஸ்தி. அதையும் எழுதுகிறேன், இறந்தவர் என்பதற்காக மறைக்கவில்லை.

எங்கள் பக்கம் அப்போது எல்லோருக்கும் கபடியும் கிரிக்கெட்டும்தான். அண்ணன் டவுன் பள்ளியில் படித்ததால் கால்பந்து பழகிக்கொண்டு வந்தார். தை மாதத்திலிருந்து மழை வரும் வரை காய்ந்து கிடக்கும் ஏரி உள்வாயில் சவுக்குக் கம்பங்களை நட்டு கோல் கட்டினார். அங்கே தொடங்கியதுதான் வெண்புலி கால்பந்துக் குழு. பனியன் தைத்துக் கொடுத்தவர் டவுனில் தையல் கடை வைத்திருந்த தஸ்தகீர் பாய். அவரே எங்கள் பின்கள ஆட்டக்காரரும். வெள்ளைப் பனியனில் கருப்புக் கோடு போட்டுச் சாயம் ஏற்றினார். முதல் ஆட்டத்திலேயே வியர்வையில் சாயம் கரைந்து எல்லோருக்கும் வயிறு கருப்பாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் கரையில் நின்று கத்தினார்கள்.

“யோவ், இதுங்க புலி இல்லய்யா. சாயப்பட்டறை கழுத!”

அதற்கே முதல் சண்டை. இரண்டு பேருக்குப் பல் போயிற்று. அந்தப் பக்கத்து ஊரின் பெயரை நான் போடவில்லை. இப்போது அங்கே நாம் பெண் கொடுத்திருக்கிறோம்.

உண்மையைச் சொன்னால் நாங்கள் ஆடியது பாதி பந்து, பாதி அடிதடி. இடுப்பில் சைக்கிள் செயினைச் சுற்றிக்கொண்டு ஆட வந்தவர்கள் உண்டு. நடுவராக வந்த ஓவிய ஆசிரியர் ஒருமுறை விசிலை வாயில் வைத்தபடியே புளியமரத்தில் ஏறிவிட்டார். கீழே கல் பறந்து முடியும் வரை மரத்தில் இருந்தே ஊதிக்கொண்டிருந்தார். எந்த ஆட்டத்தில் எத்தனை கோல் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. எத்தனை தையல் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இரண்டாம் வருடம் ஓர் ஆட்டத்தில் அண்ணன் முழங்கையால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் தாடையில் கொடுத்தார். தாடை விலகித் தொங்கியது. வழக்கம்போல் கல் பறந்தது, வழக்கம்போல் இரண்டு பக்கமும் ஓடிவிட்டோம். அடிபட்டவர் மட்டும் வாயை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை வெயிலில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆடு ஓட்டி வந்தவர்கள் பார்த்து அழைத்துப் போனார்கள். இது அண்ணனுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்று மாலை எல்லோரையும் ஏரியில் உட்கார வைத்தார்.

“அடிக்காம ஆடுங்கடான்னா கேக்கப் போறதில்ல. நானே கேக்கல. அதனால இனிமே ஒண்ணு. அடிச்சவன்தான் தூக்கணும். எந்த ஊர் ஆளா இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போய், தையல் போட்டு முடியற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். முடியாதுன்றவன் பனியனைக் கழட்டி வெச்சிட்டுப் போ.”

யாரும் கழற்றவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே எங்கள் கோல்கீப்பர் எதிரணி ஆள் ஒருவரின் மூக்கை உடைத்து, அவரையே சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து டவுனுக்கு மிதித்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் இருவருக்கும் பேச்சு.

“பள்ளத்துல எறக்காதடா. அடிக்கறப்ப மட்டும் குறி தப்பல, ஓட்டறப்ப கண்ணு தெரியலயா?”

“வாய மூடு. பேசனா ரத்தம் என் முதுகுல ஊத்துது.”

“ஊத்தட்டும். வூட்டுக்குப் போயி உங்கம்மா கேட்டா யாருதுன்னு சொல்லு.”

அந்த இருவரும் இன்றைக்குச் சம்பந்திகள்.

இந்தச் சட்டம் மெல்ல மற்ற ஊர்களுக்கும் பரவியது. எங்களோடு ஆட வருகிறவர்களும் அதை ஒப்புக்கொண்டுதான் ஏரியில் இறங்கினார்கள். அடிதடி நிற்கவில்லை. ஆனால் அடிபட்டவன் தனியாகக் கிடப்பது நின்றது. கிரிவலப் பாதையில் இருந்த கடைக்காரர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது. யாராவது யாரையாவது தூக்கிக்கொண்டு போனால், தூக்குகிறவனைப் பார்த்து, “இன்னிக்கு நீயா?” என்று கேட்பார்கள். தூக்குகிறவன்தான் அடித்தவன் என்பது எங்கள் பக்கம் சாட்சி தேவைப்படாத விஷயமாகிவிட்டது.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அண்ணன் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓட்டம் கயிறு எல்லாம் தேறி, உத்தரவுக்காகக் காத்திருந்தார். டவுனில் பெண்ணும் பேசி முடித்திருந்தோம். அன்று அதே பக்கத்து ஊரோடு ஆட்டம். அவர்கள் பக்கம் ஏழுமலை என்பவர் ஆடினார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை செய்தவர், சாரத்தில் பூனை மாதிரி ஏறுவார். முதல் பாதியில் என் கணுக்காலை மிதித்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாடா, அழுவறியா? உங்கண்ணன் போலீஸாயி வந்து என்ன புடிச்சிக்கினு போவட்டும்.”

இவ்வளவுதான் அவர் சொன்னது. நானும் இதைவிட மோசமாகப் பலரைப் பேசியிருக்கிறேன். இரண்டாம் பாதியில் கோல் தகராறில் சண்டை மூண்டது. சவுக்குக் கம்பங்களைப் பிடுங்கி இரண்டு பக்கமும் வீசினார்கள். தஸ்தகீர் பாய்க்குக் கை முறிந்தது. ஒருவர் கண்ணில் மண்ணை அடைத்து நாலு பேர் மிதித்தார்கள். புழுதியில் யார் எந்த ஊர் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் ஏழுமலை சண்டை போடவில்லை. கீழே விழுந்த தன் ஊர்க்காரரைத் தூக்கக் குனிந்திருந்தார். நான் மூலைக் கொடி கட்டியிருந்த கட்டையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய், இரண்டு கையாலும் ஓங்கி, அவருடைய இடது காதோடு சேர்த்து அடித்தேன்.

பிள்ளைகளே, அதை நான் தெரியாமல் செய்யவில்லை. அவர் குனிந்திருப்பதைப் பார்த்துத்தான் அடித்தேன். காதிலிருந்து ரத்தம் வந்தது. அவர் கால்கள் மண்ணில் உதைத்துக்கொண்டன, பிறகு நின்றுவிட்டன. “ஆளு செத்துட்டான்” என்று யாரோ கத்த, எல்லோரும் ஓடினார்கள். அவர் ஊர்க்காரர்களே ஓடினார்கள்.

அண்ணன் பத்தடி தள்ளி நின்று பார்த்தது எனக்குத் தெரியும். வந்து என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “தூக்குடா” என்றார். நான் தூக்கவில்லை. “தூக்குடான்றேன்” என்று என் கன்னத்தில் அறைந்தார். நான் திரும்பி ஓடிவிட்டேன். ஏரிக்கரை ஏறி, கம்பந்தட்டைக்குள் புகுந்து, செங்கம் பக்கம் அத்தை வீட்டில் போய்த்தான் நின்றேன்.

அண்ணன் ஏழுமலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்தார். பிறகு நடந்ததை முறிந்த கையோடு கூடவே போன தஸ்தகீர் பாய் சொன்னார். டீக்கடைக்காரர், “இன்னிக்கு நீயா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் நிற்காமல் நடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஏழுமலையின் சித்தப்பா வந்து, “தூக்கியாந்தவன்தாங்க அடிச்சவன். இவங்க சட்டமே அதுதான், இவரு போட்ட சட்டம்தான்” என்று போலீஸிடம் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் அண்ணனைப் பார்த்து, “நெசமாய்யா?” என்று கேட்டார்.

“சட்டம் அதுதாங்க” என்றார் அண்ணன்.

வேலூரில் ஒன்றரை வருடம் உள்ளே இருந்தார். போலீஸ் உத்தரவு வரவில்லை. பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கி எரித்து, இனி ஏரியில் பந்து உருளக் கூடாது என்றார்கள். அத்தோடு வெண்புலிக் குழு முடிந்தது. ஏழுமலைக்கு இடது காது கேட்காமல் போயிற்று. தலைச்சுற்றல் நிற்காததால் சாரம் ஏற முடியவில்லை. அந்தத் தொழிலும் போயிற்று.

நான் ஏன் வாய் திறக்கவில்லை? அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, “ஒரு புள்ளயாவது வெளிய இருக்கட்டும்டா” என்று அழுதார். ஆனால் அம்மாவைக் காரணமாகக் காட்ட மாட்டேன். எனக்குப் பயம். பயம் போன பிறகு வெட்கம். அண்ணன் வெளியே வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றேன். உனக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றார். பிறகு நித்யா படித்து முடிக்கட்டும் என்றார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அண்ணன் ரமணாசிரமம் பகுதியில் தண்ணீர் கேன் போட்டுப் பிழைத்தார். அவர் வண்டி ஏழுமலையின் ஊர் வழியாகவும் போகும். நித்யா, நீ ஆறாவது படித்தபோது பெரியப்பா வண்டியோடு விழுந்து விலா எலும்பு முறிந்தது என்று சொன்னோம். அதுவும் பொய். ஏழுமலையின் தம்பியும் வேறு மூன்று பேரும் வண்டியை மறித்து, தண்ணீர் கேனாலேயே அடித்தார்கள். கீழே தள்ளி மிதித்தார்கள். அண்ணன் கை ஓங்கவில்லை. கேள்விப்பட்டதும் நான் ஆட்டோவிலிருந்து ஜாக்கி ராடை எடுத்தேன். படுத்திருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

“உனக்கு வுழ வேண்டிய அடிடா இது. வாங்கனவன் நானு. நீ எதுக்கு ராடு எடுக்கற? போய் வெந்நீர் வெய்.”

போன மாதம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாள் அவரிடம், “அண்ணா, இப்பவாவது போய்ச் சொல்லிடறேன்” என்றேன். “இப்ப சொன்னா என்னைப் பாக்க வருவாங்களா, உன்ன அடிக்க வருவாங்களா? ஆஸ்பத்திரியில கலாட்டா பண்ணாத” என்று சிரித்தார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைத்தது பிரவீண்.

பிரவீண், நீ காலேஜில் ஒருவனைச் சட்டையைப் பிடித்து, “எங்க பெரியப்பா யாருன்னு தெரியுமா? மண்டைய ஒடச்சிட்டு உள்ள போனவரு” என்று மிரட்டியதாக உன் சிநேகிதன் துக்கத்துக்கு வந்த இடத்தில் பெருமையாகச் சொன்னான். அதனால்தான் ஒன்பதாம் நாள் ஏழுமலை வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் வலது காதைத் திருப்பி, “கேக்கல. சத்தமா சொல்லு” என்றார். இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது முறை தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். “ஒங்கள அடிச்சது எங்க அண்ணன் இல்லீங்க. நான்தாங்க.”

அவர் எழுந்து என்னை அறைந்தார். ஒன்றல்ல. நாலைந்து. தலை சுற்றி அவரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி ஓடிவந்து தாங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

“உங்கண்ணன் வண்டி இந்தத் தெருவுல வரப்பல்லாம் நான் துப்புவேன்யா. அவரு தலய குனிஞ்சிக்கினு போவாரு. தப்பு பண்ணவன், அதான் குனியறான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அத இப்ப எங்க போயி தொடைக்கறது? நீயே சொல்லு.”

நான் கிளம்பும்போது, “காரியத்துக்குப் புஸ்தகம் போடுவீங்கல்ல? அதுல இத எழுது. உன் பேரு போட்டு எழுது. எங்க தெருவுக்கு இருவது புஸ்தகம் குடுத்தனுப்பு” என்றார்.

எழுதிவிட்டேன். அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு அனுப்பிய தஸ்தகீர் பாய் குடும்பத்துக்கும், அண்ணன் தண்ணீர் போட்ட வீடுகளிலிருந்து வந்து நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மையைத் தெரிந்தும் அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காக இத்தனை வருடம் மௌனமாக இருந்த பாய்க்குத் தனியாக நன்றி. இனி அவர் பேசலாம்.

காரியத்துக்கு வருவாரா என்று ஏழுமலை சொல்லவில்லை. வந்தால் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அண்ணன் படத்துக்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் அவசரப்படுத்த வேண்டாம். பிரவீண், எல்லோர் முன்னாலும் அவர் என்னை மறுபடி அடித்தால் நீ குறுக்கே வராதே.

ஏழுமலையை அடித்தவன்,
உங்கள் அப்பா,
சேகர்.