நட்சத்திரங்களுக்குப் பின்னால் இருந்த கடவுச்சொல்

பூட்டாத பூட்டைப் பூட்டென்று கொடுத்தவன் மேல் குற்றமா, அதைத் திறந்தவன் மேலா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் கடலோர ஊரான ஆரையம்பதியில் அக்காவுக்கென்று அப்பா கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. திரும்பக் கட்டுவதற்காக அவர் கட்டாரில் உழைத்தார். வன்னியில் சண்டை முற்றியிருந்த காலம். அவருக்கு எழுத எங்களுக்கிருந்தது தொலைபேசி, இணைய வசதிக்காக மாமா நடத்திய கொமியூனிகேஷன் கடையின் கணினி மட்டுமே.

அதிலிருந்த மின்னஞ்சல் மென்பொருளில் ஒவ்வொருவரும் தம் பெட்டியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். ஊரில் பலர் தங்கள் தாய்வழிக் குடியின் பெயரையே போட்டார்கள். யார் எந்தக் குடி என்பது ஊருக்கே தெரியும். அக்கா கெட்டிக்காரி, எழுத்தும் இலக்கமும் கலந்து நீளமாக ஒன்றை அமைத்தாள். அவள் வகுப்புக்குப் போகும் நாட்களில் அப்பாவின் பதிலைப் பார்ப்பதற்காக எனக்கு மட்டும் அதைச் சொல்லித்தந்தாள்.

"அடிக்கிறதெல்லாம் நட்சத்திரமாத்தானே விழுது. எனக்கே தெரியாது புள்ள, பயப்படாம எழுது" என்றார் மாமா அக்காவிடம்.

ஒருநாள் அவர் எங்கள் முற்றத்தில் நின்று அம்மாவிடம் கத்தினார். "என்ட மகனக் கட்டமாட்டாவாம். கம்பஸுக்குப் படிக்கப் போகப்போறாவாம். கட்டாருக்கு எழுதத் தெரியுது, எனக்கிட்டச் சொல்ல வாயில்ல!"

அம்மா தலைகுனிந்தார். அக்கா அப்பாவுக்கு மட்டும் எழுதியது மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

"நீதானே சொன்ன?"

"சத்தியமா இல்லக்கா."

"அப்ப பேயா வந்து வாசிச்சது?"

அதன்பின் அவள் என்னோடு ஒரே பாயில் படுக்கவில்லை. படிப்பை நிறுத்தி அவளை மாமாவின் மகனான அந்த மச்சானுக்கே கட்டிக்கொடுத்தார்கள்.

கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்பு மாமா எனக்கொரு வேடிக்கை காட்டினார். தன் பெட்டியின் நட்சத்திரங்களைத் திரையில் வைத்து, ஒரு சின்ன மென்பொருளை ஓடவிட்டார். மறுகணம் நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் எழுத்துகள்.

"எப்பிடி மருமகள், மாமாட வித்தை?"

நான் கைதட்டினேன். இன்னொருக்கால் காட்டச் சொன்னேன். நான் எதற்குக் கைதட்டுகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

இப்போது எனக்கே ஒரு மகள். அலுவலகத்தில் கணினி வேலை. அந்தப் பழைய மின்னஞ்சல் மென்பொருளைப் பற்றி அங்கேதான் படித்தேன். கடவுச்சொல்லை அது மறைத்து வைத்த முறை எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. அவிழ்க்கும் சாவியும் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது. அக்கா எவ்வளவு யோசித்து அமைத்திருந்தாலும் மாமாவின் அந்தச் சின்ன மென்பொருளுக்கு ஒன்றுதான். இதைப் பாதுகாப்பு என்று எழுதி விற்க எப்படி மனம் வந்தது?

படுக்கையில் கிடக்கும் மாமாவுக்கு அக்காதான் இன்று கஞ்சி பருக்குகிறாள். என்னோடு சிரித்துப் பேசுவாள். நம்பி ஒன்றும் சொல்லமாட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் குடும்பம் குழம்பும். சொல்லாவிட்டால் கடைசிவரை நான்தான் காட்டிக்கொடுத்தவள். அவளைத் தொலைபேசியில் அழைப்பேன். என் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் அவளிடம் சொல்வீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.