மூன்றாம் மாடிப் பொத்தான்

“எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?” என்று கேட்காமல் எங்கள் லிஃப்ட்காரர் பொத்தானில் கை வைப்பதில்லை. காரணம், ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. சில நாடுகளில் அது தெருவை ஒட்டிய தரைத்தளம். சில நாடுகளில் ஒரு படிக்கட்டு ஏறினால்தான் அது வரும். “ஆள் சொல்றத நம்பக்கூடாதுங்க, அவங்க நாட்டத்தான் கேக்கணும்” என்பார். கேட்க மறந்த ஒரே நாளில், வருங்கால மாமனாரைப் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர் பல் மருத்துவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மரியாதைக்காக ஒரு நல்ல பல்லையும் பிடுங்கக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பல்லை நானே பார்த்திருக்கிறேன்.

மேலே ஏறும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பார், இறங்கும்போது விடுவார். லிஃப்ட் தன் மூச்சில்தான் ஓடுகிறது என்று நினைப்பு.

மூன்றாம் மாடி வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண்ணைத்தான் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் லிஃப்ட் ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றது. வெளியே வரும்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிறுத்தியது யார் என்று கேட்டால், “மெஷினுக்கும் மனசு இருக்காதா?” என்று மீசையைத் தடவுவார்.

அந்த அம்மாவுக்கு இப்போது நினைவு நழுவுகிறது. பேத்தியின் பெயர்கூடத் தங்குவதில்லை. வீட்டில் தனியே விட முடியாமல் கூடவே அழைத்து வந்து, லிஃப்டின் மூலையில் தன் முக்காலியில் உட்கார வைக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். “நேரமாச்சுங்க, வக்கீல் திட்டுவாரு.” மூன்றாம் மாடிப் பொத்தானை அவரேதான் அழுத்த வேண்டும். மேலே அந்தப் பச்சைக் கதவைப் பார்த்தால் போதும்; முகம் தெளிந்து அதே லிஃப்டில் கீழே வந்துவிடுவார்.

போன மாதம் கட்டடத்தைப் புதிதாக வாங்கியவர், தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணும் நாட்டில் பிழைத்தவர். லிஃப்டின் பொத்தான் பலகையை அந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டார். “ஒரே ராத்திரில எல்லாரையும் ஒரு மாடி ஏத்திட்டாருங்க, சம்பளத்தத் தவிர” என்று சிரித்த லிஃப்ட்காரர், மூன்று மணிக்குச் சிரிக்கவில்லை. அந்த அம்மா மூன்றை அழுத்தினார். திறந்தது பல் மருத்துவமனை.

“என்னங்க, என் ஆபீஸ எங்க கொண்டுபோய் வச்சீங்க?”

கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று முழுக்க அடங்கவில்லை. முதலாளியிடம் போய் நின்றதற்குக் கிடைத்த பதில், “பழகிடுவாங்க.”

நேற்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் லிஃப்டில் ஏறியபோது மணி மூன்று. அந்த அம்மா எழுந்தார். லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். கழற்றிப் போட்ட பழைய பித்தளைப் பொத்தான். விரல் பட்டுப் பட்டு அதிலிருந்த ‘மூன்று’ பாதி தேய்ந்திருந்தது. முதுகில் மெழுகு. அதைப் புதிய நான்கின் மேல் ஒட்டி, கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார்.

“அழுத்தும்மா” என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தார்.