சாயக்குஞ்சும் குண்டு பல்பும்

சென்ற ஆண்டு நவம்பர் பதினெட்டாம் தேதி, காலை பத்து இருபது. திண்டுக்கல்லில் நசநசவென்று தூறல். பழைய பிளாஸ்டிக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் வண்டிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். என் மனைவி ஓர் ஓட்டை வாளியைப் போட்டுவிட்டு, ரோஜா நிறச் சாயம் ஏற்றிய குஞ்சு ஒன்றோடு உள்ளே வந்தாள். கூடையில் மற்ற குஞ்சுகளிடம் மிதிபட்டுக் கிடந்ததாம். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது.

"இது என்ன இனம்? நாட்டுக்கோழியா, பிராய்லரா?" என்றேன்.

"இனம் தெரிஞ்சு என்ன, சம்பந்தமா பண்ணப் போறீக? நனைஞ்சு கெடக்கு, தொடைங்க."

எதிர்வீட்டுக்காரர் கிரிராஜா இனக் கோழி என்றார். ஒட்டன்சத்திரத்துப் பால்காரரோ, "முட்டைக்கோழிப் பண்ணையில கழிச்சுவிட்ட சேவலுங்க. பொட்டையா இருந்தா வெளிய விடுவாங்களா? ரெண்டு நாள் தாங்குனா பெருசுங்க" என்றார்.

அந்த 'ரெண்டு நாள்' என்னைப் பிடித்துக்கொண்டது. அட்டைப்பெட்டியில் தவிடு பரப்பி, கணகணப்புக்காக மேலே ஒரு பல்பு கட்டித் தொங்கவிட்டேன். கால்மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் பிரமாதம். குஞ்சுதான் சாயங்காலத்துக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. மனைவி பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, பல்பு எரியுது, பெட்டி சில்லுன்னு இருக்கே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மாட்டியிருந்தது எல்இடி பல்பு. அதில் சூடு ஏது? கரண்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று வீட்டிலிருந்த குண்டு பல்புகளை ஒன்று விடாமல் கழற்றி வீசியவனும் நானே.

அவள் குஞ்சை முந்தானைக்குள் பொத்திக்கொள்ள, நான் குடையோடு கடைவீதிக்கு ஓடினேன். கேட்ட கடையிலெல்லாம் சிரித்தார்கள். கடைசியாக ஒரு பாய், பரணில் ஏறித் தேடி, தூசியை ஊதி ஒன்றை நீட்டினார்.

"அறுபது வாட்ஸ் சார். கரண்ட்ட அம்புட்டு தின்னும்."

"தின்னட்டும் பாய். வீட்ல ஒண்ணு தின்னாமக் கெடக்கு."

அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அரைமணி கழித்துக் குஞ்சு கண் திறந்தது. மனைவி விரலில் தொட்டு நீட்டிய சர்க்கரைத் தண்ணீரைக் கொத்தியது. நான் பெட்டியை விட்டு நகரவில்லை.

"போயித் தலையத் துவட்டுங்க. நீங்களும் நனைஞ்ச கோழியாத்தான் நிக்கிறீக."

ரோஜா நிறம் உதிர்ந்து, பழுப்பும் வெள்ளையுமாக இறகு முளைத்தது. கால் இழுப்பும் சரியானது. இனம் மட்டும் இன்றுவரை தெரியவில்லை. பால்காரர் பேச்சை நம்பி அதை 'டேய்' என்றே கூப்பிட்டு வந்தோம். இந்த மே மாதம் ஒரு காலையில், என் பழைய செய்தித்தாள் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த 'டேய்' எழுந்து நின்று கொக்கரித்தது. அடியில் ஒரு முட்டை.

பல்பு, தீவனம், மருந்து, கூடிப்போன கரண்ட் பில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஓட்டை வாளியைச் சேர்க்கவில்லை. எந்தச் செலவுக்கும் முணுமுணுக்கிற எனக்கு, இதை மட்டும் யாராவது விலை கேட்கமாட்டார்களா என்று இருக்கிறது: முட்டை ஒன்று, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.