பெருக்கி வைத்ததுதான் தப்பா?

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். காரைக்காலுக்குத் தெற்கே போலகத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டின் தலையைப் புயல் வாரிக்கொண்டு போய்விட்டது. கூடத்தில் நின்று அண்ணாந்தால் வானம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். என் கணவருக்கு வயலில் கூலி வேலை. வயலும் தண்ணீரில் கிடந்தது. அரசாங்க நிவாரணம் வந்தால்தான் குழந்தை பிறப்பதற்குள் கூரை போட முடியும்.

சேதத்தைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டைப் பெருக்கினேன்! உடைந்த ஓடுகளைக் கொல்லையில் அடுக்கி, சேற்றைக் கழுவிவிட்டு, வாசலில் கோலமும் போட்டேன். வருகிறவர் தலையில் மழை விழக்கூடாதே என்று கணவரைக் கூடத்துக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, தன் வீட்டில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கண்ணாடி டம்ளரைக் கொடுத்தார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது; அங்கேயும் அன்றைக்கு இதே கூத்துதான். ஒருத்தர் வீடு தேடி வருகிறார் என்றால் எங்கள் தெருவுக்கு வேறு எதுவும் தோன்றாது.

வந்தவர் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார், ஏதோ எழுதினார், போய்விட்டார். நிவாரணப் பட்டியல் ஒட்டியபோது எங்கள் பெயர் இல்லை. அக்கா பெயரும் இல்லை. விசாரித்தால், 'சேதம் இல்லை' என்று எழுதியிருக்கிறாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே, கணக்கெடுக்க வந்திருந்தவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"வூடு சுத்தமாத்தானேம்மா இருந்துச்சு? டீயெல்லாம் குடுத்தீங்களே."

"பெருக்கி வச்சது எங்க தப்பாங்க? கூரை இருக்கா, இல்லையான்னு நிமுந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

"யா அல்லா, மெதுவா பேசு" என்று அக்கா என் முந்தானையை இழுத்தார். நான் மெதுவாகப் பேசவில்லை. "நீங்க வந்து பாக்குற வரைக்கும் நகர மாட்டோம்" என்று இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். மத்தியானத்துக்குமேல், மறுநாள் காலையில் வருவதாக ஒப்புக்கொண்டார்.

தெருவே யோசனை சொன்னது. சேற்றை அள்ளிக் கூடத்தில் கொட்டு, பானையை உடைத்துப் போடு, மகளை ஒரு மூலையில் படுக்க வை. என் கணவரும், "கொஞ்ச நேரத்துக்குத்தானே, செஞ்சுட்டுப் போயேன்" என்றார்.

"அவரு ஒழுங்கா பாக்கலன்னா நான் ஏங்க நடிக்கணும்?" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் இன்னும் நன்றாகப் பெருக்கினேன். கோலத்தையும் முந்தின தடவையைவிடப் பெரிதாகவே போட்டேன். தார்ப்பாயை மட்டும் அவிழ்த்துவிட்டேன்.

இந்த முறை நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு, அதே பூப்போட்ட டம்ளரில் டீ கொடுத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் எழுத ஆரம்பித்ததும் தாளில் ஒரு சொட்டு விழுந்தது. டீயில் ஒன்று. அப்புறம்தான் மனிதர் அண்ணாந்தார். வெகுநேரம் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். யாரும் சொல்லாமலே எழுந்து அக்கா வீட்டுக்கும் போனார்.

பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கூடத்துக்கு மேலே புதுக் கூரை இருந்தது. இன்றைக்கும் புயல் எச்சரிக்கை கேட்டால் அந்த அலுவலகத்துத் தரையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வருகிறது. யார் கணக்கெடுக்க வந்தாலும் என் வீடு பெருக்கித்தான் இருக்கும், டீயும் உண்டு. ஆனால் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு எழுத்து எழுத விடமாட்டேன்.