அம்மா சொல்லாத பேர்

கடலூர் முதுநகரில் எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டு "சவரி" என்று குரல் கொடுத்தால் நாலு வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. சவரிமுத்து, சவரியப்பன், சவரிராயன், கொஞ்சம் படித்த வீடாக இருந்தால் சேவியர். பெண் பிறந்தாலும் விடமாட்டார்கள், சவரியம்மாள். இன்றைக்குக் கூப்பிட்டால் நான் ஒருவன்தான் திரும்புவேன். என் பேர் சவரிமுத்து. என் அப்பாவைப் பெற்றவருக்கும் அதே பேர். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கிற விஷயமில்லை. குழந்தை பிறப்பதற்கு முன்பே பேர் வந்து காத்திருக்கும்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எனவே, பெற்ற அன்றிலிருந்து அம்மா என் பேரைச் சொன்னதில்லை.

தாத்தா வீட்டில் 'பெரியவர்'. நான் 'சின்னவர்'. மூக்கு ஒழுகிக்கொண்டு அரைஞாண் கயிற்றோடு திரிந்த காலத்திலேயே எனக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. திட்டும்போதுகூட "சின்னவரே, முதுகுத் தோல உரிச்சிடுவேன்" என்றுதான் வரும். விளக்கு வைக்கும் நேரத்தில் மற்ற அம்மாக்கள் வாசலில் நின்று பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் அம்மா கையைத் தட்டுவாள். அந்தத் தட்டல் கேட்டால் நான் கோலிகளைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். கோழியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறார்கள் என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். ஒருநாள், ஒரே ஒரு தடவை சொல்லும்மா என்று காலைக் கட்டிக்கொண்டு அடம் பிடித்தேன். அவள் என் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, போய் விளையாடு என்று அனுப்பிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். பையன் பேர் என்ன என்று தலைமையாசிரியர் கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. சன்னல் வழியாகப் பள்ளி முற்றத்தில் நின்ற புனிதர் சிலையை, அந்தச் சுரூபத்தைக் கையால் காட்டினாள். நல்ல வேளை, அது என் பேருக்குரிய புனிதர் சேவியரின் சுரூபமாகவே இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அவருடைய திருநாள் வரும். நவநாள் ஜெபத்தில் கோவிலே அவர் பேரைச் சொல்லும்போது அம்மாவின் உதடு மட்டும் மூடிக்கொள்ளும். அடுத்த வார்த்தையில் சேர்ந்துகொள்வாள். மாமனார் பேருக்காகப் புனிதரையே விட்டுத் தாண்டியவள் அவள்.

இந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. அரிசி எங்கிருந்து வந்தது என்று யார் யோசிக்கிறார்கள்? வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோதுதான் அது தெரிந்தது. அங்கே ஸ்பெயினிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். முன்வழுக்கை, பெரிய சிரிப்பு, எப்போதும் அவசரம். அடையாள அட்டையில் இருந்ததைப் பார்த்து நாங்கள் ஜேவியர் என்றோம். இல்லை, ஹாவியேர் என்று தொண்டையிலிருந்து சொல்லிக் காட்டினார். வால்வு வாங்க வந்த ஒருநாள் என் பேரைக் கேட்டார். சொன்னேன். எங்கள் ஊர்த் திருநாளையும் சுரூபத்தையும் பற்றிச் சொன்னதும் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் தோளில் கைபோட்டார். நம் இரண்டு பேருக்கும் ஒரே பேர் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. அவர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அட்டைப்பெட்டி மேல் படம் போட்டே விளக்கினார்.

அது முதலில் ஆளுடைய பேரே இல்லையாம். ஸ்பெயினின் வடக்கே மலைப்பக்கத்தில் ஒரு ஊரின் பேர். அந்தப் பக்கத்து மக்களுக்கு ஸ்பானிய மொழிக்கும் பழையதான தனி மொழி உண்டு. அதில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். யாரோ எப்போதோ கட்டிய புது வீடு ஊராகி, அந்த ஊர்க் கோட்டையில் பிறந்தவர் புனிதராகி, அவர் பேரைப் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் கப்பலில் ஏறி அது நம் கடற்கரைக்கு வந்தது. வந்த இடத்தில் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா, ஒரு முத்துவையும் ஒரு அப்பனையும் சேர்த்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். கடலூர்க்கார ஸ்டோர் கீப்பரும் ஸ்பெயின்கார இன்ஜினியரும் யாரோ கட்டிய ஒரு வீட்டைச் சுமந்துகொண்டு திரிகிறோம் என்பது எனக்கு அன்று முழுவதும் வேடிக்கையாக இருந்தது.

அவருடைய வகுப்பில் அந்தப் பேரில் பல பேர் இருந்தார்களாம். வாத்தியார் குடும்பப் பேரைச் சொல்லித்தான் பிரித்துக் கூப்பிடுவாராம். அவர் வயதுக்காரர்களில் எங்கே பார்த்தாலும் ஒரு ஹாவியேர் இருப்பார், இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு யாரும் அவ்வளவாக வைப்பதில்லை என்றார். அவருடைய மகனுக்கே சின்னதாக, புதிதாக ஒரு பேர். நான் சிரித்தேன். என் மகனுக்கு நானும் அதைத்தான் செய்திருந்தேன். இரண்டு கடற்கரையிலும் ஒரே சமயத்தில் ஒரு பேர் பழசாகிக்கொண்டிருந்தது.

அவருடைய அம்மா தினமும் சாயங்காலம் டீ நேரத்தில் போன் செய்வார். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பிஸ்கட் தின்பார். "ஹாவி" என்று அந்த அம்மா கூப்பிடுகிற சத்தம் ஸ்டோர் முழுக்கக் கேட்கும். வழுக்கை விழுந்த மனிதரை அஞ்சு வயதுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் அம்மா என் பேரைச் சொன்னதே இல்லை என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். ஏதோ தீராத சண்டை என்று நினைத்துக்கொண்டு முகம் வாடிப்போனார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முறையை விளக்கினேன். அப்படியானால் உனக்காக எப்படி ஜெபம் பண்ணுவார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை விடுமுறையில் வந்தபோது அம்மாவிடமே கேட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எம்புள்ளன்னு சொன்னா சாமிக்குப் புரியாதா? அவரென்ன ரேஷன் கடையா நடத்துறாரு, பேரு கேக்க?" என்றாள்.

நான் ஊரோடு வந்து பைப் கடை வைத்த பிறகு, தாத்தாவும் அப்பாவும் போய்ப் பல வருடம் ஆன பிறகு, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே ரத்தம் கட்டியிருந்ததால் ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்த பிறகு ஒரு இளம் டாக்டரம்மா தினமும் காலையில் வந்து அவளிடம் கேள்வி கேட்பார். இது எந்த ஊர், இது என்ன மாதம், காலையில் என்ன சாப்பிட்டீங்க? அம்மா தட்டுத்தடுமாறினாலும் சரியாகவே சொல்லிவந்தாள். என்னைக் காட்டி இவர் யார் என்றால் "எம்புள்ள" என்பாள். பேர் என்ன என்றால் வாய் மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர் பேர் என்ன என்றாலும் அதே கதை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நெருங்கினவர்கள் பேரே நினைவில் இல்லையென்றால் மறுபடி ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும், இன்னொரு ஸ்கேன் எடுப்போம், தேவைப்பட்டால் மறுபடி மண்டையைத் திறக்க வேண்டி வரலாம் என்றார். இந்த வயதில் அதைத் தாங்குவார்களா என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். வெளியே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கின டீயைக் குடிக்காமல் ஆறவிட்டேன். அம்மா என் பேரையே மறந்துவிட்டாள் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

கடலூரிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கிய என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏங்க, அத்த என்னைக்குங்க உங்க பேர சொல்லியிருக்காங்க?"

பயம் வந்தால் மனிதனுக்குப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஆயுசு முழுக்க நான் தூக்கிச் சுமந்த குறை அது. அன்று பார்த்து அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

இரண்டு பேரும் போய் டாக்டரம்மாவிடம் சொன்னோம். வெளியூரில் வளர்ந்த பெண்போலிருக்கிறது, முதலில் நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்த கம்மாபுரத்து அம்மா எங்களுக்குச் சாட்சிக்கு வந்தார். அவருடைய மாமனார் பேர் பழனி என்று ஆரம்பிக்குமாம். இந்த வயது வரைக்கும் பழனிக்குப் போவதென்றால் மலைக்குப் போறோம் என்றுதான் சொல்வாராம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, உங்க பொறந்த ஊரு நெல்லிக்குப்பத்துல கூடப்பிறந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க என்றார். அவ்வளவுதான். அண்ணன் தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள், அந்த ஊர்ச் சர்க்கரை ஆலையில் அவளுடைய அப்பாவோடு வேலை செய்தவர்கள், வீட்டில் நின்ற மாடு வரைக்கும் பேர் வந்து கொட்டியது. சரி, உங்க பையன் பேரையும் சொல்லிடுங்களேன் என்றார் டாக்டரம்மா.

அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மாமனாரு பேருங்க. வாயால எப்புடி சொல்றது?"

அந்த வார்டில் நான் சத்தம் போட்டு அழுதேன். வெட்கமாக இல்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. கொஞ்ச நாளில் அம்மாவைக் காரில் முதுநகருக்கு அழைத்து வந்தோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடையை மூடிவிட்டு வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எம் பேரு இன்னாம்மா என்று கேட்பேன். "போடா" என்பாள். சில நாள் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். சில நாள் வெறுமனே சிரிப்பாள். எந்தப் பேரைக் கேட்க முடியவில்லை என்று சின்ன வயதில் ஏங்கினேனோ, அந்தப் பேரை அவள் சொல்லாத ஒவ்வொரு சாயங்காலமும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். ஸ்பானிய நண்பருக்கு இதை வாட்ஸ்அப்பில் எழுதினேன். அவருடைய அம்மா அதற்குள் தவறிப்போயிருந்தார். இனி என்னை யாரும் ஹாவி என்று கூப்பிடுவதில்லை, பெண்டாட்டி முழுப் பேரையும் சொல்கிறாள் என்று எழுதியிருந்தார்.

மற்ற விஷயங்கள் மெதுவாக ஆரம்பித்தன. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கோவிலுக்குப் போகிறேன் என்று கிளம்பி ஜங்ஷன் பக்கம் போய் நின்றாள், தெரிந்த ஆட்டோக்காரர் கூட்டிவந்து விட்டார். என் மனைவியைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசினாள். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாயங்காலம் கேட்டுப் பார்ப்பேன். "போடா" என்பாள். போதும், ஆள் பத்திரமாக உள்ளே இருக்கிறாள் என்று எழுந்துபோய்க் கைகழுவுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மீன் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன். அம்மா வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையைத் தட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சவரிமுத்து" என்று கூப்பிட்டாள்.

குரல் கணீரென்று இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் மற்ற அம்மாக்கள் கூப்பிட்ட அதே மாதிரி, கடைசி எழுத்தை இழுத்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. எதிர்வீட்டுப் பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, பாட்டிக்கு இன்னைக்கு நல்லா தெம்பு வந்துடுச்சு அங்கிள் என்று சிரித்தாள். உள்ளேயிருந்து என் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

"வந்துட்டேம்மா" என்றேன்.