பெட்டிக்குச் சொன்ன ஓம்

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் புதுச் சாமான் ஒன்று கடைக்கு வந்துவிட்டால் அதைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. உள்ளி உரிக்க ஒரு கருவி, முட்டை அவிக்க ஒரு கருவி என்று எங்கள் குசினி அலுமாரியில் நிறையக் கிடக்கின்றன. உள்ளியை இன்னும் கையால்தான் உரிக்கிறோம்.

அப்படித்தான் பக்கத்து நகரமான லவாலில் ஒரு கடையில் அந்தப் பேசும் பெட்டியை வாங்கினேன். தேங்காய் அளவுதான் இருக்கும். வீட்டில் எது முடிகிறதோ அதைச் சொன்னால் போதும், சாமான் பட்டியலில் எழுதி நம்முடைய போனுக்கு அனுப்பிவிடும்.

என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருடைய பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுக் கடதாசி. பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பென்சில்.

“ஞாயிற்றுக்கிழமை அண்ணை ஆக்கள் சாப்பிட வருகினம். அதுக்கு வேண்டிய சாமானெல்லாம் உது எழுதட்டும். ஒண்டு குறைஞ்சாலும் உது திரும்ப லவாலுக்குப் போகுது. சரியே?”

சரி என்றேன். பென்சிலை நானே கழற்றி வைத்தேன். பெட்டி எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

மகள் படிப்பது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். பெட்டியையும் பிரெஞ்சிலேயே வைத்துவிட்டாள். எனக்கு அதில் பயமில்லை. விமான நிலையம் இருக்கிற டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் குசினியில் வேலை செய்கிறேன். மற்ற விஷயங்களில் திணறினாலும், காய்கறியைப் பிரெஞ்சில் சரளமாகச் சொல்வேன்.

முதல் நாள் வெங்காயம் என்று பிரெஞ்சில் சொன்னேன். பெட்டி எழுதிக்கொண்டு, வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்டது. “ஓம்” என்று சொல்லிவிட்டு அடுத்ததை யோசித்தேன். பெட்டியும் “ஓம்” என்றது, நன்றியும் சொன்னது. நான் கத்தரிக்காய் என்றேன்.

எனக்குப் புல்லரித்துவிட்டது.

“இஞ்சாரும், கேட்டீரே? எங்கட தமிழைப் பிடிச்சிட்டுது. அதுவும் யாழ்ப்பாணத் தமிழ். ‘ஆமா’ எண்டு சொல்லேல்ல, ‘ஓம்’ எண்டெல்லோ சொல்லுது.”

“கவனம், பேந்து உது சொந்தம் கொண்டாடிக்கொண்டு வரும்,” என்றார் மனைவி.

அந்தக் கிழமை முழுக்க இப்படியே நடந்தது. பால் என்பேன். வேறு ஏதும் என்று கேட்கும். ஓம் என்பேன். அதுவும் ஓம் என்று நன்றி சொல்லும். பிறகு நான் தயிர் என்பேன். வேலையிடத்தில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன்.

சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம். நான் வண்டிலைத் தள்ள, மகள் போனைப் பார்த்துத் தமிழில் வாசித்தாள்.

“வெங்காயம். ஆம்பிளை.”

“என்ன பிள்ளை?”

“பால். ஆம்பிளை. கரட். ஆம்பிளை. அப்பா, எல்லாமா ஒன்பது ஆம்பிளை கிடக்கு.”

போனை வாங்கிப் பார்த்தேன். வேலையிடத்துக் கழிவறைக் கதவில் நான் தினமும் பார்க்கிற சொல். பிரெஞ்சில் ஆணுக்கு ‘ஒம்’ என்பார்கள். என்னுடைய ஓம் அதன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆம்பிளையை எழுதி, நன்றி சொல்லி, காதை மூடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் சொன்ன கத்தரிக்காயும் தயிரும் காற்றோடு போய்விட்டன.

“ஒன்பதோ?” என்றார் மனைவி. “வீட்டில இருக்கிற ஒண்டையே மேய்க்க ஏலாமக் கிடக்கு.”

சொல்லிவிட்டு வாழைப்பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவும், ஏன் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். விடுபட்ட சாமான்களை மனைவி யோசிக்காமலே ஒவ்வொன்றாக எடுத்து வண்டிலில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வயரைச் சுருட்டி, பெட்டியை அது வந்த மட்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.

“என்னப்பா செய்யிறியள்?”

“லவாலுக்குக் கொண்டு போறன். சொன்னது சொன்னதுதானே.”

“வெளியில எடுங்கோ அதை. குசினிப் பைப்பைத் திருத்துங்கோ எண்டு கேட்டா ஓம். பல்கனியை ஒதுக்குங்கோ எண்டா ஓம். இத்தனை வருஷமா ஓம் ஓம் எண்டுதான் சொல்லுறியள், ஒண்டும் நடக்கேல்ல. உங்கட ஓமை எழுதி வைக்க இப்பதான் ஒரு ஆள் கிடைச்சிருக்கு.”

பெட்டி வீட்டிலேயே இருக்கிறது. பைப்பை அன்று பின்னேரமே திருத்தினேன். பல்கனி அப்படியேதான் கிடக்கிறது. அதைப் பற்றி மனைவி கேட்டால், பெட்டிக்குக் கேட்காதபடி தலையை மட்டும் ஆட்டுகிறேன்.